அடியைக் கலக்கி

பாலில் தண்ணி கலந்திருக்கிறதா என்று பார்க்கிற பால்மானி உடைந்து இன்றைக்கு மூன்று நாள். கழுவி வைக்கும்போது கை வழுக்கிச் சீமெந்துத் தரையில் விழுந்துவிட்டது. அடிக்குமிழுக்குள் இருந்த ஈயக் குண்டுகள் கொட்டில் முழுக்க உருண்டோட, கோழி ஒன்று வந்து இரண்டைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. புதியது அடுத்த கிழமை பால் ஏற்றுகிற வான் வண்டியில் வருமாம். அதுவரைக்கும் ஆர் எதை ஊற்றினாலும் அதுதான் பால்.

மானி இல்லாத மூன்று காலையில், பால் கானுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவர் கையையும் பார்த்தபடி யோசித்ததைத்தான் எழுதுகிறேன்.

இலங்கையின் வடக்கே முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானில் இருந்து முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கம் போகிற பாதையில், வீட்டு முன் கொட்டிலில் பால் சேர்க்கிறேன். 2013இல் தொடங்கியது. விடிய ஐந்தரைக்கு முதல் ஆள் வருவார், ஏழு மணிக்கு வான் வரும். லீற்றருக்கு இவ்வளவு என்று எனக்குக் கூலி. எங்கள் பக்கம் பெரும்பாலும் நாட்டு மாடு. காட்டில் மேய்ந்துவிட்டு வருகிற பசு ஒரு வேளைக்கு ஒன்றரை லீற்றர் தந்தால் பெரிய விசயம். மாரிக் காலபோக நெல்லை விதைத்துவிட்டால் வயல் பக்கம் மாட்டை விட ஏலாது. பட்டியைக் காட்டோரம் மாற்றுவார்கள், அந்த மாதங்களில் பாலும் குறைந்துவிடும். இரண்டு லீற்றர், மூன்று லீற்றர் என்று போத்தலிலும் வாளியிலும் கொண்டு வந்து ஊற்றுகிற சனம்தான் என் கொப்பியில் இருப்பவர்கள்.

விலை எப்படி வருகிறது என்பதைச் சொன்னால்தான் மிச்சக் கதை விளங்கும். எல்லாருடைய பாலும் கலந்துதான் கானுக்குள் போகிறது. குளிரூட்டும் நிலையத்தில் அந்தக் கானில் இருந்து ஒரு சின்ன மாதிரி எடுத்து, கொழுப்பு எவ்வளவு, கொழுப்பில்லாத திண்மம் எவ்வளவு என்று பார்த்து, முழுக் கானுக்கும் ஒரே விலை போடுவார்கள். அந்த விலையை நான் லீற்றர் கணக்கில் எல்லாருக்கும் பிரித்துக் கொடுப்பேன். அப்படியென்றால், நல்ல கொழுப்புள்ள பால் ஊற்றுகிறவருடைய கொழுப்பு தண்ணி ஊற்றுகிறவருடைய விலையையும் தூக்கி நிறுத்துகிறது. தண்ணி ஊற்றுகிறவருடைய தண்ணி நல்ல பால்காரியின் விலையைக் கீழே இழுக்கிறது. நேர்மையாக இருப்பதற்கு இங்கே ஒரு சதம் கூடக் கிடையாது. உண்மையில் கையை விட்டுத்தான் போகிறது. யாரோ கெட்டவர் யோசித்துச் செய்த ஏற்பாடு இல்லை இது. நூறு பேரின் இரண்டு இரண்டு லீற்றரைத் தனித்தனியே சோதிக்க ஆருக்கும் கட்டாது, அவ்வளவுதான்.

அதனால் வாசலில் நிற்கும் ஒரே காவல் பால்மானி. கண்ணாடிக் குழாய், அடியில் பாரம், கழுத்தில் கோடுகள். பாலுக்குள் விட்டால் மிதக்கும். தண்ணி கலந்த பாலில் கீழே இறங்கும். நல்ல பசும்பால் 28க்கும் 32க்கும் இடையில் நிற்கும். 27க்குக் கீழே போனால் கழித்துப் பதியச் சொல்லி எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. நானும் பதிந்தேன்.

தொடங்கி அடுத்த வருடம், எங்கள் ஒழுங்கை முடிவில் இருக்கிற ஆச்சியின் பால் 25, 25 அரை என்றே காட்டிக்கொண்டிருந்தது. ஆச்சிக்கு மூன்று பசு. வீடும் பக்கம். கறந்த கையோடு நுரை அடங்காத பாலைக் கொண்டுவந்து வைப்பார். நான் மானியை விடுவேன், அது தாழும். மூன்று லீற்றரை இரண்டரை என்று பதிவேன். வரிசையில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஆச்சி ஒரு நாளும் சண்டைக்கு வரவில்லை. “நான் தண்ணி விடேல்லை பிள்ளை” என்று மட்டும் சொல்லிவிட்டு, போத்தலைக் கழுவி எடுத்துக்கொண்டு போவார். எல்லாரும் அப்படித்தானே சொல்வார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அதே நாட்களில் சந்தியடியில் இருந்து மோட்டார் சைக்கிளில் பால் கொண்டுவருகிற ஓர் அண்ணை இருந்தார். இருபது லீற்றர். எந்த நாளும் 29. மழையென்றாலும் 29, கோடையில் புல் கருகினாலும் 29. “அண்ணையின்ர பாலுக்கு மானியே தேவையில்லை” என்று நானே பகிடி விட்டிருக்கிறேன்.

பிறகு கால்நடை வைத்திய அலுவலகத்தில் இருந்து வந்து ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். அன்றைக்குத்தான் இரண்டு விசயம் படித்தேன். ஒன்று, சூடான பால் இலேசானது. மானியில் எழுதியிருக்கிற வெப்பநிலைக்கு மேலே ஒவ்வொரு பாகைக்கும் கிட்டத்தட்ட 0.2 கூட்டிப் பார்க்க வேண்டும். கறந்த உடனே பாலுக்குள் காற்றும் இருக்கும், அதுவும் அளவைக் குறைத்துக் காட்டும். மற்றது, கொழுப்பு தண்ணியைவிட இலேசு. ஆடையை எடுத்துவிட்டால் மிச்சப் பால் பாரமாகி மானி மேலே ஏறும். அதற்குள் அளவாய்த் தண்ணியை விட்டால் பழையபடி 29இல் வந்து நிற்கும்.

வீட்டுக்கு வந்து இரவு நித்திரை இல்லை.

அடுத்த நாள் ஆச்சியின் பால் வந்ததும் கிணற்றுத் தண்ணி வாளிக்குள் போத்தலை நிறுத்தி வைத்து, மற்றவர்களின் பாலைப் பார்த்து முடித்துவிட்டு, அரை மணித்தியாலம் கழித்து மானியை விட்டேன். 27 அரை. வெப்பத்துக்குக் கூட்டினால் 29. சந்தியடி அண்ணையின் பாலில் ஒரு பேணி எடுத்து அடுப்பில் வைத்தேன். பொங்கி ஆறின பிறகு ஆடை கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பேணியின் விளிம்பில் மெல்லிய ஒரு கோடுதான் இருந்தது. அண்ணையின் வீட்டில் நெய் நல்லாய் விற்பது ஊருக்கே தெரிந்த விசயம். நான் இரண்டையும் ஒரு நாளும் சேர்த்து யோசித்ததில்லை.

ஆக, நல்ல பால் கொண்டுவந்தவருக்குக் கழிவு, கள்ளப் பால் கொண்டுவந்தவருக்குப் புகழ். இரண்டையும் கொடுத்தது என்னுடைய கை. ‘நல்லது செய்தால் பலனில்லை’ என்று உலகத்தின் மேல் குறை சொல்லும்போதெல்லாம் இது நினைவுக்கு வந்து வாயை அடைத்துவிடும். அந்தப் பெரிய உலகத்தில் பால் மானியோடு நின்றிருந்த ஆள் நான்.

பின்னேரம் ஆச்சியின் வீட்டுக்குப் போனேன். விசயத்தைச் சொன்னேன். ஆச்சி அழுது என் கையைப் பிடிப்பார், அல்லது ‘பரவாயில்லை பிள்ளை’ என்பார் என்று நினைத்திருந்தேன். ஆச்சி என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினார். கரிக் கோடுகள். ஐந்து ஐந்தாய்க் குறுக்கே வெட்டிய கோடுகள். 23.

“இவ்வளவு நாள் அரை லீற்றர் வெட்டினனி. பதினொன்றரை லீற்றர். அந்தக் காசைக் கொண்டா.”

எழுநூறு ரூபாவுக்குக் கொஞ்சம் குறைவு. அடுத்த நாளே கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கினார். “உங்களுக்குக் கோபம் வரேல்லையா ஆச்சி, வேறை இடத்துக்கு ஊத்தியிருக்கலாமே, இல்லாட்டி நீங்களும் விட்டிருக்கலாம் தானே” என்று கேட்டேன். ஆச்சி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “நீ வெட்டினால் அது உன்ர பிழை. நான் விட்டால் அது என்ர பால்” என்றார். இவ்வளவு வருடத்தில் இந்தப் பேச்சை நான் பலமுறை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். முழுதாய் விளங்கியதென்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று விளங்கியது. நேர்மையாய் இருக்கிறவர் உரிய காசையும் விட்டுக்கொடுத்துவிட்டுச் சிரிக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. ஆச்சி தண்ணியும் விடவில்லை, எழுநூறு ரூபாவையும் விடவில்லை.

சந்தியடி அண்ணையோடு கதைத்தது சரிவரவில்லை. சனத்துக்கு முன்னால் சொல்லாமல், கானை வானில் ஏற்றி முடிந்த பிறகு தனியே கூப்பிட்டுச் சொன்னேன். “எல்லாரும் செய்யிறதுதானே பிள்ளை, நீ என்ன புதுசாய்” என்றார். அடுத்த கிழமை வேறோர் இடத்துக்குப் பால் ஊற்றத் தொடங்கினார். அங்கே மானி இல்லை, லீற்றருக்கு ஒரு ரூபா கூடவும் கொடுத்தார்களாம். அவரோடு இன்னும் ஆறு பேர் போனார்கள். என்னுடைய 140 லீற்றர் 90க்கு வந்தது. அந்த வருடம் மகனின் ரியூசன் காசுக்குக் காப்பை அடகு வைத்தேன். அண்ணை நல்லாய்த்தான் இருந்தார். கோயில் மதில் கட்டியபோது உபயகாரர் பட்டியலில் மேலே இருந்து மூன்றாவது பெயர் அவருடையது. ஒவ்வொரு வெள்ளியும் அதைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போகிறேன். எழுத்து வடிவாய்த்தான் எழுதியிருக்கிறார்கள்.

மகன் அப்போது ஓ எல் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தான். “மானியைக் கழுவிக் கழுவி வைச்சு என்னம்மா கண்டனீங்கள்?” என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியாமல், போய்ப் படி என்று ஏசினேன்.

இந்தக் கேள்வி ஒன்றும் புதிதில்லை. பொறாமைக்காரனுடைய செல்வமும் நேர்மையானவனுடைய கேடும் ‘நினைக்கப்படும்’ என்று வள்ளுவர் ஓரிடத்தில் சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார். உரைகாரர்கள்தான் பழவினை என்று பதில் எழுதினார்கள். பழவினை என்ற சொல்லை, போர் நடந்த இந்த வன்னியில் இருந்துகொண்டு என்னால் சுலபமாய் எடுக்க முடிவதில்லை.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் கூட்டம் கூட்டமாய்ச் செத்தன. காட்டோரப் பட்டிகளில் நனைந்து நின்ற மாடுகள், விடிந்து பார்த்தால் விறைத்துக் கிடந்தன. சந்தியடி அண்ணைக்கு ஐந்து போனது. “பாலுக்குத் தண்ணி விட்ட பாவம்” என்று எங்கள் கொட்டிலில் நின்றே இரண்டு பேர் சொன்னார்கள். எனக்கும் ஒரு கணம் உள்ளுக்குள் இனித்தது, மறைப்பானேன். அடுத்த நாள் ஆச்சியின் மூன்றில் இரண்டு செத்ததென்று செய்தி வந்தது. பாவக் கணக்குச் சொன்னவர்கள் அதற்குப் பிறகு மழையைப் பற்றி மட்டும் கதைத்தார்கள்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் கதை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். நந்திக்கடல் கரையில் மாடு மேய்த்த பெடியளிடம் ஒரு கிழவி வந்தாள். விளக்கெரிக்க எண்ணெய் இல்லையென்றதும் கடல் தண்ணியை விடச் சொன்னாள், விளக்கு எரிந்தது. பேன் பார்க்கத் தலையை விரித்தால் தலை முழுக்க ஆயிரம் கண். இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்குக் கடல் நீரில்தான் விளக்கு எரிகிறது. சின்னனில் மாங்காய் களவெடுத்தால், “அம்மாளுக்கு ஆயிரம் கண்ணடி” என்று அம்மம்மா வெருட்டுவார். போர் முடிந்த 2009 மே மாதம் அதே நந்திக்கடல் கரையால் வந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆர் வந்தது, ஆர் வராமல் போனது என்பதில் நல்லவர் கெட்டவர் என்று ஒரு பிரிப்பும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு ஆயிரம் கண் பார்க்கிறது என்பதற்காக ஒன்றைச் செய்யவோ விடவோ எனக்கு வரவில்லை. பொங்கலுக்குப் போகிறேன், விளக்கைக் கும்பிடுகிறேன், அது வேறு.

ஆனால் அந்த நாட்களில் கண்ட ஒன்றுதான், மகன் கேட்ட கேள்விக்குப் பதில் மாதிரி என்னிடம் இருப்பது.

கஞ்சி கொடுக்கும் இடம். பெரிய கிடாரம், தண்ணியும் உப்பும் கொஞ்சம் அரிசியும். சோற்றுப் பருக்கை அடியில் இறங்கிவிடும், மேலே வெறும் தண்ணி நிற்கும். முன்னுக்கு நிற்பவருக்குத் தண்ணி, கடைசியில் நிற்பவருக்குச் சோறு. இல்லையென்றால் அகப்பை பிடிக்கிறவர் விரும்பின ஆளுக்கு அடியில் இருந்து அள்ளலாம், விரும்பாத ஆளுக்கு மேலால் அள்ளலாம், ஒருவரும் கேட்க ஏலாது. அன்றைக்கு அகப்பை பிடித்து நின்றவர் ஒரு மெலிந்த மனுசி, என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். ஒவ்வொரு அகப்பைக்கும் முதல் அடியைக் கலக்குவார். ஒரு சுற்று, பிறகு அள்ளல். திரும்ப ஒரு சுற்று, அள்ளல். தூரத்தில் செல் குண்டு விழுந்து வரிசை குலைந்து, சனம் படுத்து எழும்பித் திரும்ப வந்து நிற்கும். அவரும் எழும்பி வந்து, முதலில் அடியைக் கலக்குவார். அவருடைய சொந்தப் பிள்ளைகள் இரண்டும் வரிசையில் நின்றதுகள். அதுகளுக்கும் ஒரு சுற்று, ஓர் அகப்பை. நான் அவ்வளவு பசியிலும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு நாளுக்குப் பிறகு அவர் இல்லை என்று கேள்விப்பட்டேன். பெயர் தெரியாது.

அவருக்கு அதனால் என்ன கிடைத்தது என்று கேட்டால், ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தது எனக்கு. பதினைந்து இருபது பருக்கை.

பள்ளிக்கூடக் கடைசி வகுப்பில், ஏ எல் படிக்கும்போது, புறநானூற்றில் ஆய் அண்டிரன் என்ற வள்ளலைப் பற்றிப் புலவர் முடமோசியார் பாடியது பாடமாய் இருந்தது. இந்தப் பிறப்பில் செய்தால் மறுபிறப்புக்கு ஆகும் என்று அறத்தை விலைபேசுகிற ‘அறவிலை வணிகன்’ அவன் இல்லையாம். முன்னால் நல்லவர்கள் போன வழி என்பதால் அவனும் போகிறானாம். சோதனைக்குப் பாடமாக்கி எழுதி மாக்ஸ் எடுத்த பாட்டு. அந்த வரி கிடாரத்தடியில் நின்ற கையோடு போய் ஒட்டிக்கொள்ள எனக்கு இருபது வருடம் எடுத்தது. சந்தியடி அண்ணையின் மாடு செத்தபோது உள்ளுக்குள் இனித்ததென்று சொன்னேனே, அந்த இனிப்புத்தான் நானும் ஒரு வணிகக்காரி என்று காட்டிக்கொடுத்தது. காப்பு அடகு போனது, 50 லீற்றர் குறைந்தது என்று எல்லாவற்றையும் ஏதோ ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு, வட்டியோடு வரும் என்று காத்திருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் திருந்தி ஞானியாகவில்லை. இப்போதும் வெள்ளிக்கிழமை மதிலைப் பார்த்தால் சுருக்கென்கிறது. ஆனால் செய்கிற விதத்தில் சில மாற்றம் வந்தது. எங்கள் வீட்டுச் சிவலைப் பசுவின் பாலைத்தான் முதலில் எல்லாருக்கும் முன்னால் மானி விட்டுப் பார்ப்பேன். ஒரு நாள் அது குறைவாய்க் காட்டியது, எனக்கே கழித்துப் பதிந்தேன், நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சூடாய் வரும் பாலெல்லாம் தண்ணி வாளிக்குள் அரை மணித்தியாலம் நிற்கும். கொப்பியை அவரவர் கண்முன்னே எழுதுவேன், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துச் சொல்வேன். கோபமாய் இருக்கிற அன்றைக்கு ஒருவரின் பாலையும் திருப்பி அனுப்பமாட்டேன், அடுத்த நாள் பார்ப்பேன். கிழமைக்கு ஒரு நாள், பால் ஊற்றுகிற இரண்டு பெண்கள் வந்து என் அளவையும் கொப்பியையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அவர்களைக் கேட்டது நான்தான். காரணம் வெட்கமான காரணம். 2022 பொருளாதார நெருக்கடியில் பால்மாவுக்குச் சனம் விடிய விடிய வரிசையில் நின்ற காலத்தில், பசும்பாலை வீட்டு வாசலில் வந்து கேட்ட விலைக்கு வாங்கினார்கள். கிணறு பக்கத்தில், வாளி கையில். வானுக்குப் போகிற கானில் ஐந்து லீற்றர் தண்ணியை விட்டு, அந்த ஐந்து லீற்றர் பாலை வாசலில் விற்றால் ஒரு குஞ்சுக்கும் தெரியாது. மூன்று இரவு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நான்காம் நாள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, வந்து என் கொப்பியைப் பாருங்கோ என்றேன். என்னை நானே தனியே காவல் காக்கும் அளவுக்கு நான் பலசாலி இல்லை. தனியே நேர்மையாய் இருப்பது சரியான களைப்பு. மூன்று பேராய் இருந்தால் இடையில் தேத்தண்ணியும் குடிக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தண்ணி விடுவது வெறும் காசுக் களவு மட்டுமில்லை. ஊற்றுவது குளத்துத் தண்ணியோ மூடாத கிணற்றுத் தண்ணியோ என்றால் வெயிலில் கான் திரிந்துபோகும். ஒரு முறை முழுக் கானும், 40 லீற்றர், நிலையத்தில் இருந்து திரும்பி வந்தது. பதின்மூன்று வீட்டு உழைப்பு. கொட்டிலுக்குப் பின்னால் குழி வெட்டி ஊற்றினேன். மணம் மூன்று நாள் போகவில்லை. எங்கள் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதே பாலில் இருந்துதான் சில நாள் காய்ச்சிக் கொடுப்பது. அதுகள் பேணியை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கும்போது மேலுதட்டில் ஆடை ஒட்டும். ஆடை ஒட்டாத பால் என்றால் எனக்கு உடனே தெரியும்.

சரி, மானி உடைந்த கதைக்கு வருகிறேன். முதல் நாள் எல்லாரும் கொஞ்சம் அந்தரப்பட்டார்கள். போத்தலை நீட்டிவிட்டு, நான் எதையோ விடுவேன் என்று நின்றார்கள். இரண்டாம் நாள் நேரே கானுக்குள் ஊற்றிவிட்டுப் போனார்கள். இன்றைக்கு மூன்றாம் நாள் ஒன்றிரண்டு பேரின் பால், ஊற்றும்போது விழுகிற சத்தமே எனக்குக் கொஞ்சம் மெல்லியதாய்க் கேட்டது. மனப்பிரமையாயும் இருக்கலாம். ஒன்றும் கேட்கவில்லை, லீற்றரை மட்டும் பதிந்தேன். ஒரு தம்பி மட்டும், “மானி எப்ப அக்கா வரும்?” என்று இரண்டு தரம் கேட்டான். ஏன் கேட்டானோ.

ஆச்சி ஆறு மணிக்கு வந்தார். மிஞ்சிய ஒரு பசு கன்று போட்டு, கடும்பு, அந்த முதல் சீம்பால், முடியும் மட்டும் பால் கொண்டுவராமல் இருந்துவிட்டு, நேற்றுத்தான் திரும்பத் தொடங்கினவர். ஒரு லீற்றர் போத்தல், நுரையோடு. வந்ததும் கிணற்றடிக்குப் போய் வாளியில் தண்ணி அள்ளி, போத்தலை அதற்குள் நிறுத்தி, வாங்கில் குந்திக்கொண்டு வெற்றிலையைப் பிரித்தார்.

“ஆச்சி, மானி இல்லை. பார்க்க ஏலாது. ஊத்திப்போட்டுப் போங்கோ” என்றேன்.

“ஆறட்டும்” என்றார், சுண்ணாம்பைத் தேடிக்கொண்டு.